துறைகளுக்கு வேலி போடாத காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒளியைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது தாமஸ் யங்கின் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஒரே மனிதர் பல துறைகளில் ஆராய்ச்சி செய்ய முடிந்தது எப்படி என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: பொறியியல் பாடத்தில், இழுத்தால் ஒரு பொருள் எவ்வளவு நீளும் என்பதைக் கணக்கிட உதவும் ‘யங் குணகம்’ வருகிறது. இயற்பியலில் ‘யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனை’ வருகிறது. எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்க முயன்றவர்களிலும் ஒரு யங் இருக்கிறார். மூவரும் ஒருவர்தானா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: ஒருவர்தான். இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரவங்களின் பரப்பு இழுவிசை பற்றிய அடிப்படைச் சமன்பாடு, கண்ணின் சிதறல் பார்வைக் குறைபாடு, கண் மூன்று வகை நிற உணர்வுகளைக் கொண்டே எல்லா நிறங்களையும் பார்க்கிறது என்ற கருத்து, ‘இந்தோ-ஐரோப்பிய’ என்ற மொழிக்குடும்பப் பெயர் ஆகியவற்றிலும் அவர் கை இருக்கிறது. இத்தனைக்கும் அவர் தொழில்முறையில் ஒரு மருத்துவர். குழந்தைக்கு எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்பதற்கு அவர் பெயரால் ஒரு சூத்திரம் வெகுகாலம் வழக்கில் இருந்தது. குழந்தையின் வயதை, அந்த வயதோடு 12 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு 4ஐ 16ஆல் வகுத்தால் பெரியவர்களுக்குரிய அளவில் கால் பங்கு என்று வரும்.

இப்படிப் பட்டியல் போட்டால் ஏதோ அட்டாவதானி வித்தை போலத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. யங்கின் துறைகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. தொடங்கிய இடம் கண். தூரத்தில் இருக்கும் கோபுரத்தைப் பார்த்த கண், மறு நொடியே கையில் இருக்கும் நூலைப் படிக்கிறது. கண்ணுக்குள் எது மாறுகிறது? கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற கருவிழிப் படலத்தின் வளைவா, கண்கோளத்தின் நீளமா, உள்ளே இருக்கும் வில்லையா? 1793இல், இருபதாவது வயதிலேயே, இதைப் பற்றி அவர் லண்டனில் உள்ள அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். மறு ஆண்டே அதன் உறுப்பினரானார். ஆனாலும் விடை உறுதியாகவில்லை.

1800ஆம் ஆண்டில் அதே கேள்விக்குத் திரும்பி வந்தவர், சோதனைக்குத் தம் சொந்தக் கண்ணையே எடுத்துக்கொண்டார். ஒரு சிறு குழலின் முனையில் வில்லை ஒன்றைப் பொருத்தி, குழலில் தண்ணீரை நிரப்பி, அதைத் திறந்த கண்ணின் மேல் வைத்து அழுத்தினார். தண்ணீரில் மூழ்கிய கருவிழி ஒளியை வளைக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடும். அப்படியும் அவரால் அண்மைக்கும் தொலைவுக்கும் பார்வையை மாற்ற முடிந்தது. எனவே மாறுவது கருவிழி அல்ல. அடுத்து, கண்கோளம் நீளவே முடியாதபடி முன்னும் பின்னும் இரும்பு வளையங்களால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பார்வை அப்போதும் மாறியது. புரை நீக்க அறுவையில் வில்லையை இழந்தவர்களைச் சோதித்தபோது, அவர்களால் பார்வையை மாற்ற முடியவில்லை. எனவே மாறுவது வில்லைதான். இந்த அளவைகளுக்கு நடுவில்தான், தம் கண் கிடைமட்டக் கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் ஒரே தொலைவில் குவிக்கவில்லை என்பதைக் கவனித்தார். சிதறல் பார்வை பற்றிய முதல் விவரிப்பு அதுவே.

கண்ணைப் படித்தவருக்குக் கண்ணுக்குள் நுழையும் ஒளி எது என்ற கேள்வி எழாமல் இருக்காது. மனிதக் குரலைப் பற்றி அவர் ஜெர்மனியில் மாணவராக இருந்தபோதே ஆராய்ந்திருந்ததால், ஒலி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விடுவதை அறிந்திருந்தார். ஒளியும் அப்படித்தானோ என்ற ஐயம் அங்கிருந்து வந்தது. 1803 நவம்பரில் ராயல் சொசைட்டியில் அவர் வாசித்த சோதனையில், பாடநூலில் நீங்கள் படித்த இரண்டு பிளவுகள் இல்லை. சன்னல் கதவில் ஒரு துளை. அதை மூடிய தடித்த தாளில் ஊசியால் குத்திய ஒரு நுண்துளை. வெளியே ஒரு சிறு கண்ணாடி, சூரிய ஒளியை அந்தத் துளை வழியாக அறைக்குள் கிடைமட்டமாகத் திருப்பி விடுகிறது. அந்தக் கதிரின் குறுக்கே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமே உள்ள அட்டைக் கீற்றை அவர் பிடித்தார். கீற்றின் நிழலுக்குள் வரிவரியாக வெளிச்சமும் இருளும் தெரிந்தன. கீற்றின் ஒரு பக்கம் வரும் ஒளியை மட்டும் வேறோர் அட்டையால் மறைத்தார். மறு பக்கத்து ஒளி அப்படியே இருந்தபோதிலும் நிழலுக்குள் இருந்த வரிகள் எல்லாம் மறைந்துபோயின. இரு பக்க ஒளியும் சந்தித்தால்தான் வரிகள் உண்டாகின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. இரண்டு துளைகள் கொண்ட வடிவத்தை அவர் 1807இல் அச்சான தம் விரிவுரைத் தொகுப்பில்தான் விவரிக்கிறார். உங்கள் ‘யங் குணகம்’ இருப்பதும் அதே தொகுப்பில்தான்.

கேள்வி: அக்காலத்தில் அறிய வேண்டியதே குறைவு. அதனால்தான் ஒருவரே எல்லாவற்றையும் அறிந்திருக்க முடிந்தது. இதில் வியக்க என்ன இருக்கிறது?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா சொல்வதில் பாதி உண்மை. வேதியியலில் அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் இன்றைய எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. ஆற்றல் அழியாது என்ற விதி இன்னும் வகுக்கப்படவில்லை. உயிரணுக் கொள்கை பிறக்கவில்லை. ஆனால் குறைவாக இருந்தது அறிவு மட்டுமல்ல, துறை என்ற ஏற்பாடும் அன்று முழுமையாக உருவாகியிருக்கவில்லை. இன்று இயற்பியல், வேதியியல், புவியியல் என்று நாம் பிரித்துப் பேசுபவற்றில் பெரும் பகுதியை ‘இயற்கைத் தத்துவம்’, ‘இயற்கை வரலாறு’ என்ற இரண்டே பெயர்களில் அடக்கியிருந்தார்கள். லண்டனில் புவியமைப்பியலுக்கென்று தனிச் சங்கம் 1807இல் தோன்றியது, வானியலுக்கு 1820இல். ராயல் சொசைட்டியின் தலைவராக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்த ஜோசப் பேங்க்ஸ், இப்படித் தனித்தனிக் கடை விரிப்பதைக் கடைசிவரை எதிர்த்தார். வீட்டைப் பாகம் பிரிப்பதைத் தடுக்கும் பெரியவரின் கோபம் அதில் இருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆராய்ச்சியைத் தொழிலாகச் செய்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு பொதுச் சொல்லே அன்று இல்லை. 1833இல் கேம்பிரிட்ஜில் கூடிய கூட்டத்தில் இந்தக் குறை பேசப்பட்டு, வில்லியம் ஹியூவெல் என்பவர் ‘கலைஞர்’ என்பதற்கு ஒப்பான ஒரு சொல்லை முன்மொழிந்தார். நாம் ‘அறிவியலாளர்’ என்று மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் அதுதான். அது பலருக்கும் பிடிக்கவில்லை. நன்றாக வேரூன்றப் பல பத்தாண்டுகள் ஆயின.

இனி, கடிதங்களில் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணம். யங்குக்கு அவருடைய தாயின் மாமன் லண்டனில் ஒரு வீட்டையும் கணிசமான தொகையையும் விட்டுச்சென்றார். அடுத்த கேள்வியில் வரும் ஹம்போல்ட்டுக்குத் தாயின் சொத்து வந்து சேர்ந்தது. நினைத்த துறைக்குள் நினைத்தபோது நுழையும் உரிமை அறிவினால் மட்டும் கிடைத்ததல்ல. சோற்றுக் கவலை இல்லாதவர்களுக்கே அது பெரும்பாலும் வாய்த்தது. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் விதிவிலக்கு. அவரும் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகே ஆய்வகத்தின் கதவு அவருக்குத் திறந்தது.

கேள்வி: அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் பெயரில் நீரோட்டம், மலை, பென்குவின் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. அவர் செய்ததுதான் என்ன?
(தேயிலைத் தோட்டப் பணியாளர், குன்னூர்)

பதில்: குன்னூரில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீங்கள் மலை ஏறும்போது, அடிவாரத்தில் முட்புதர்க் காடு, கல்லாறு அருகே பாக்குத் தோப்பு, உங்கள் ஊரில் தேயிலை, உதகைக்கு மேலே சோலையும் புல்வெளியும் என்று பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு உலகங்களைக் கடந்துவிடுகிறீர்கள். இந்த மாற்றத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஹம்போல்ட் அதை அளந்தார்.

சுரங்க அதிகாரியாக இருந்து வேலையை விட்ட அவர், 1799 ஜூனில் தாவரவியலாளர் போன்பிளானுடன் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி, ஐந்து ஆண்டுகள் தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் சுற்றினார். செலவு முழுவதும் அவருடையது. பாரமானி, வெப்பமானி, காந்த ஊசி, கோணமானி, காலமானி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கருவிகள் கோவேறு கழுதைகளின் முதுகில் கூடவே பயணித்தன. வானத்தின் நீலம் எவ்வளவு அடர்த்தி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டை வளையம்கூட அதில் இருந்தது. 1802 ஜூன் 23 அன்று, இன்றைய ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ மலையில் அவர்கள் 5,800 மீட்டருக்கும் மேலே ஏறினார்கள். அன்று உலகின் மிக உயரமான மலை என்று கருதப்பட்டது அது. ஈறுகளில் இரத்தம் கசிந்தது, கண்கள் சிவந்தன. கடக்க முடியாத ஒரு பெரும் பிளவு குறுக்கிட்டதால் உச்சியைத் தொடாமலேயே திரும்பினார்கள். அந்த நிலையிலும் பாரமானியை நிறுத்தி அளவெடுத்துவிட்டே இறங்கினார்கள்.

1807இல் அவர் வெளியிட்ட பெரிய படத்தைப் பார்த்தால் அவருடைய வேலை என்ன என்பது விளங்கிவிடும். சிம்போராசோவைக் குறுக்கே வெட்டினாற்போல் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று மலையின் மேலேயே பெயர்களை எழுதியிருக்கிறார். படத்தின் இரு மருங்கிலும் கட்டங்கள். அந்தந்த உயரத்துக்குரிய வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், வானத்தின் நீலம், நீர் கொதிக்கும் நிலை, அங்கே பயிரிடப்படுபவை எல்லாம் அவற்றில் உள்ளன. தாவரவியலாளர் செடியைப் பார்த்தார், இயற்பியலாளர் வெப்பமானியைப் பார்த்தார், உழவர் பயிரைப் பார்த்தார். மூன்றையும் ஒரே உயரக் கோட்டில் வைத்தவர் இவர். 1817இல் ஒரே சராசரி வெப்பம் கொண்ட ஊர்களைக் கோட்டால் இணைத்து அவர் வரைந்த சமவெப்பக் கோடுகளும் இதே சிந்தனையின் வளர்ச்சிதான். இன்று வானிலை வரைபடத்தில் நாம் பார்க்கும் வளைகோடுகளுக்கு அவை முன்னோடி. எனவே “எதைக் கண்டுபிடித்தார்” என்ற கேள்விக்கு, தனிப் பொருள்களைவிட அவற்றுக்கு இடையே உள்ள உறவுகளைக் கண்டுபிடித்தார் என்பதே சரியான விடை. உறவுக்குப் பெயர் வைக்க முடியாததால் நீரோட்டத்துக்கும் பென்குவினுக்கும் வைத்துவிட்டார்கள் போலும்.

இமயமலையையும் இப்படியே அளக்க அவர் பெரிதும் விரும்பினார். பலமுறை லண்டன் சென்று கேட்டும் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. காலனி ஆட்சியின் கொடுமைகளையும் அடிமை முறையையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதியது கம்பெனியாருக்கு உவப்பாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

கேள்வி: ஐரோப்பியக் கதையாகவே சொல்கிறீர்கள். அதே ஆண்டுகளில் நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லையா?
(வாசகர், பரங்கிமலை, சென்னை)

பதில்: நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்தில் தொடங்கித் தெற்கு நோக்கிச் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளந்தார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பெரும் நில அளவைக்கு அதுவே கால்கோள். மைசூர்ப் போர் முடிந்து பெரும் நிலப்பரப்பு கைக்கு வந்திருந்த கம்பெனிக்கு வரியும் படை நடமாட்டமும் முக்கியம். லாம்டனுக்கோ பூமி எவ்வளவு தட்டையான உருண்டை என்ற கேள்வி முக்கியம். இரண்டும் ஒரே அளவையில் நிறைவேறின.

அளந்த சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன 100 அடி எஃகுச் சங்கிலி அது. பேரரசர் ஏற்காததால் இந்தியா வந்து சேர்ந்தது. அதை வெறுமனே தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் வரிசையாக மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மூடி, வெப்பமானிகளை உடன் வைத்தார்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், 100 அடிச் சங்கிலி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். அது ஒன்றும் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை எடுத்து வைக்க வேண்டும். சென்னைக் கோடையில் காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வேறுபாடு சாதாரணம். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அடிக்கோட்டிலேயே ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை புகுந்துவிடும். அந்தப் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களில் வளர்ந்துகொண்டே போகும். நிலம் அளக்க வந்தவர் உலோகத்தின் வெப்ப விரிவையும், காற்று ஒளியை வளைப்பதையும், கோளத்தின் மேல் வரையும் முக்கோணக் கணிதத்தையும் ஒருங்கே கற்றுத் தேர வேண்டியிருந்தது.

கோணம் அளக்கும் பெருங்கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு மொரீஷியசுக்குப் போனது. அறிவியல் கருவி என்று அறிந்ததும் அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு அனுப்பி வைத்தார். அதற்கு வந்த உண்மையான ஆபத்து தஞ்சாவூரில்தான். சமவெளியில் உயரமான இடம் வேண்டும் என்பதற்காக, 1808இல் அதைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, மூன்றடி விட்டமுள்ள அதன் அளவு வட்டம் வளைந்துபோயிற்று. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் ஆறு வாரம் அடைந்துகிடந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கயிற்றைப் பிடித்து நின்ற நம் ஊர்க்காரர்களில் ஒருவர் பெயர்கூட இந்தக் கதையோடு சேர்ந்து வருவதில்லை. இந்தக் காலத்து அறிவியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும் இடம் இது.

நுங்கம்பாக்கத்தில் இருந்த கம்பெனியின் வானியல் ஆய்வகத்தையும் சொல்ல வேண்டும். அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. பொறித்த மொழிகளில் தமிழும் ஒன்று. விண்மீன் பார்க்கக் கட்டிய அந்த இடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் மழையையும் வெப்பத்தையும் குறித்துவந்தார். 1820, 1821ஆம் ஆண்டுகளில், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் வெடித்த பீரங்கிகளை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார். பரங்கிமலையில் தீப்பொறி தெரிந்த கணத்திலிருந்து சத்தம் காதில் விழச் சுமார் 26 வினாடி ஆகும். அந்த இடைவெளியைக் காலமானியின் துடிப்புகளால் எண்ணி, வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றையும் பக்கத்தில் குறித்தார்கள். கோடை மாதங்களில் வேகம் கூடி, ஆண்டின் கடைசியில் குறைந்தது. இது வெறும் ஆர்வக் கணக்கு அல்ல. நியூட்டன் கணக்கிட்ட ஒலி வேகம் உண்மையைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தது. ஒலி அலை காற்றை அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தைச் சேர்க்காததே பிழை என்று பாரிசில் கணித அறிஞர் லாப்லாஸ் 1816இல் காட்டினார். வெப்பம் பற்றிய அந்தக் கோட்பாட்டுக்கு, பல்வேறு தட்பவெப்பங்களில் எடுத்த நல்ல அளவைகள் தேவைப்பட்ட நேரம் அது. கோட்டை பீரங்கி நேரம் காட்டவே வெடித்தது. பாரிசின் வெப்பக் கோட்பாட்டுக்கும் அது சாட்சி சொன்னது.

மொழியிலும் இப்படித்தான். யங் ‘இந்தோ-ஐரோப்பிய’ என்ற பெயரைப் பயன்படுத்தியது 1813இல். மூன்றே ஆண்டுகளில், 1816இல், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை வேர்ச்சொற்களை ஒப்பிட்டுக் காட்டினார். மைசூரை அளக்கப் போன காலின் மெக்கன்சி, காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களின் துணையோடு சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டினார். அவற்றில் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. இங்கே உதவியாளர்களின் பெயர் பிழைத்தது ஓர் ஆறுதல்.

கேள்வி: மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவு, வகுப்பில் தற்செயலாக ஊசி அசைந்ததால் கண்டுபிடிக்கப்பட்டது என்பது உண்மையா?
(பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்)

பதில்: ஊசி அசைந்தது உண்மை. தற்செயல் என்பது அரை உண்மை. கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் 1820 ஏப்ரலில் விரிவுரை நடத்தும்போது, மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் இருந்த காந்த ஊசி திரும்பியது. ஆனால் இயற்கையின் எல்லா விசைகளும் அடியில் ஒன்றே என்று நம்பி, அத்தகைய ஓர் உறவைப் பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்தவர் அவர். மருந்தியல் படித்தவர், தத்துவத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர், வேதியியலும் செய்தவர். ஜூலையில் லத்தீன் மொழியில் நான்கு பக்கம் எழுதி ஐரோப்பா முழுவதும் அனுப்பினார். செப்டம்பருக்குள் பாரிசில் ஆம்பியர், மின்னோட்டம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் காட்டிவிட்டார். அக்காலத் தபாலின் வேகத்தை நினைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி: இந்த வரிசையில் பெண்களே இல்லையா?
(இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: இருந்தார்கள். வாசலில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த மேரி சோமர்வில், இரவில் யூக்ளிடின் வடிவியலைப் படிக்கிறாள் என்று அறிந்த பெற்றோர், அவருக்கு மெழுகுவர்த்தி கிடைக்காமல் செய்தார்கள். அவர் தேற்றங்களை மனத்தில் இருத்திக்கொண்டு இருட்டிலேயே தீர்த்துப் பார்த்தார். 1831இல், கோள்களின் இயக்கத்தைக் கணிதத்தால் விளக்கும் லாப்லாஸின் வானியந்திரவியலை ஆங்கில வாசகர்களுக்கு விளக்கியும், 1834இல் வானியல், ஒளி, ஒலி, வெப்பம், மின்சாரம், காந்தம் ஆகியவை எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்பதைத் தனி நூலாகவும் எழுதினார். நான் மேலே சொன்ன ஹியூவெலின் சொல் முதலில் அச்சேறியது, இந்த இரண்டாவது நூலுக்கு ஹியூவெல் எழுதிய மதிப்புரையில்தான். ராயல் சொசைட்டி சோமர்வில்லின் மார்பளவுச் சிலையைச் செய்து தன் மண்டபத்தில் வைத்தது. சிலைக்கு இடம் இருந்தது. உறுப்பினர் பட்டியலில் அவர் பெயருக்கு இடம் இல்லை. துறைகள் சிதறத் தொடங்கிய நேரத்தில் அவற்றை இணைத்துக் காட்டும் நூலை எழுதியவர், எந்தத் துறைக்குள்ளும் முறையாக அனுமதிக்கப்படாத ஒருவர் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பல துறைகளில் கால் வைத்ததால் எதிலும் முழுமை பெறாமல் போனவர் என்று யங்கைச் சொல்லலாமா? பலமரம் கண்ட தச்சன் ஒருமரமும் வெட்டான் என்பார்களே.
(மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி)

பதில்: கடுமையான கேள்வி. ஆனால் ஒதுக்கிவிட முடியாது. ஒளியின் அலைக் கொள்கையை யங் தொடங்கி வைத்தார். 1803இல் பெயர் போடாமல் வந்த ஒரு மதிப்புரை அவரைக் கிழித்துப் போட்டது. எழுதியவர் ஹென்றி புரூம், பின்னாளில் இங்கிலாந்தின் உயர்ந்த சட்டப் பதவிக்கு வந்தவர். யங் மறுப்பு அச்சிட்டும் அது விலைபோகவில்லை. மருத்துவத் தொழிலுக்கு வேறு துறை ஈடுபாடு இடையூறாகும், நோயாளிகள் ஐயுறுவார்கள் என்ற அச்சத்தால் அவர் பல கட்டுரைகளைப் பெயரில்லாமல் எழுதவும் தொடங்கினார். ஒளியின் கணிதத்தை முடித்துக் கொடுத்தவர் ஃபிரெனல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். சாலைப் பணிக்கு நடுவே அந்த ஒன்றிலேயே மூழ்கி, 1819இல் பிரெஞ்சு அகாடமியின் பரிசைப் பெற்றார். ஒளியின் அதிர்வு அது செல்லும் திசைக்குக் குறுக்காக இருக்கலாம் என்ற குறிப்பை யங் 1817இல் ஒரு கடிதத்தில் பாரிசுக்கு எழுதினார். அதைக் கோட்பாடாக வளர்த்தவரும் ஃபிரெனல்தான்.

எகிப்திய எழுத்திலும் இதே கதை. ஒரே செய்தியைச் சித்திர எழுத்து, எகிப்திய மக்கள் வழக்கு எழுத்து, கிரேக்கம் என்று மூன்று வகையில் பொறித்த ரோசெட்டாக் கல்லை 1814இல் கையில் எடுத்த யங், நீள்வட்ட வளையத்துக்குள் இருப்பது எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்துத் தாலமி மன்னனின் பெயர் என்று சரியாக இனங்கண்டு, சில ஒலிகளையும் பொருத்தினார். கணக்கில் தேர்ந்தவர் செய்யும் முறையில், திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணி, கிரேக்கப் பகுதியோடு ஒப்பிட்டுச் சென்றார். ஆனால் ஒலி எழுத்துகள் அந்நியப் பெயர்களுக்கு மட்டுமே என்ற எண்ணத்தை அவரால் விட முடியவில்லை. பிரெஞ்சு மொழியறிஞர் ஷம்போலியோனுக்குப் பின்புலமாக, பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக் மொழியை இளமை முதல் கற்ற பயிற்சி இருந்தது. சித்திர எழுத்து எகிப்தியரின் பேச்சையே எழுதியது என்பதை அவருடைய செவி முதலில் கேட்டது. 1822இல் அவர் பூட்டைத் திறந்தார்.

ஆனாலும் உங்கள் பழமொழியை நான் அப்படியே ஏற்கவில்லை. வரியிட்ட நிழலும் தாலமியின் பெயரும் இல்லாமல் பின்வந்தவர்கள் எங்கே தொடங்கியிருப்பார்கள்? குரலைப் படித்தவர் என்பதால்தான் யங்குக்கு ஒளி அலையாகத் தெரிந்தது. ஒளியை மட்டுமே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நூறு ஆண்டுகளாக அது தெரியவில்லை. முதல் வெட்டுக்குப் பலமரம் கண்ட கண் தேவைப்பட்டது. மரத்தைச் சாய்க்க ஒருமரத்தையே கட்டிக்கொண்டு அழுதவர்கள் தேவைப்பட்டார்கள். தாம் இந்த இரண்டில் முதல் வகை என்பதை யங் அறிந்தே இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஷம்போலியோன் வென்ற பிறகும் அவர் எகிப்தை விடவில்லை. சித்திர எழுத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அதே கல்லின் நடுவில் இருந்த மக்கள் வழக்கு எழுத்துக்கு அகராதி தொகுக்க உட்கார்ந்தார். 1829 மே மாதம், ஐம்பத்தாறு வயது நிறைவதற்கு முன்பே, அவர் இறந்தார். கடைசி நாள்களில் மைப்பேனாவைப் பிடிக்கக் கையில் வலு இல்லாததால், அந்த அகராதியின் பக்கங்களைப் படுக்கையில் இருந்தபடி பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தார்.